எந்த ஹார்டு டிஸ்க்கை நம்பலாம்?



வெண்ணந்தூரில் இருந்துகொண்டு கணினி வாங்க விரும்புகிறவர் இராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். போவதற்கு முன் மதரஸாவின் வாசலில் நின்று, "ஹஜ்ரத், எந்தக் கம்பெனி ஹார்டு டிஸ்க் நல்லது?" என்று வினவும் பெற்றோர் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். மார்க்கக் கல்வி கற்றவரிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று சிலருக்குத் தோன்றலாம். மதரஸாவின் மாணவர் பதிவேட்டையும் வரவு செலவுக் கணக்கையும் கணினியில் ஏற்றிப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம்மிடம் இருப்பதே காரணம். இவ்வாண்டு நமது இல்லத்துக்கும் ஒரு புதுக் கணினி வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே அதே வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொண்டு, கிடைத்த விடையை இங்கே எழுதுகிறோம்.

கணினியில் எதை வைக்கப் போகிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தோம். நிலப் பத்திரங்களின் நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மூத்த மகளின் கல்லூரிப் பாடங்கள், திருமண வீடியோக்கள். இவற்றோடு மர்ஹூம் அத்தா அவர்களின் குரலும் இருந்தது. ரமளான் இரவுகளில் அவர்கள் ஓதியதையும், ஜும்ஆவில் நிகழ்த்திய பயான்களையும் பதிவு செய்த 38 கேசட்டுகள் அம்மாவின் மரப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றும் அறுபது நிமிடம் ஓடுவது. சிலவற்றில் நாடா ஒட்டிக்கொண்டு இழுபட்டது. சிலவற்றில் ஓதும் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மங்கியிருந்தது. மகள் விடுமுறையில் அமர்ந்து, பழைய டேப் ரெக்கார்டரைக் கணினியோடு இணைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டு எல்லாவற்றையும் கணினிக் கோப்புகளாக மாற்றினாள். கடைசிக் கேசட் முடிந்த அன்று அம்மா கேட்டார்கள்: "இனிமே இந்தக் கேசட்டெல்லாம் வேண்டாம்தானே? எறிஞ்சிடலாமா?"

ஹார்டு டிஸ்க்கின் கம்பெனிப் பெயரைவிட நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது இந்தக் கேள்விதான்.

வன்தட்டு என்று தமிழில் எழுதப்படும் ஹார்டு டிஸ்க்கின் உள்ளே நிகழ்வதைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. பளபளப்பான வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் காந்த முறையில் எழுதவும் படிக்கவும் செய்யும் சிறு முனைகள், தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றன. மனிதத் தலைமுடியின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால் அந்த இடைவெளியின் நுண்மை விளங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தட்டு தட்டினாலும் முனை தகட்டில் உரசிவிடலாம். 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. ஒரு டன்னுக்கும் மேலான எடை. அது கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையளவு பெட்டியில் அதைப்போல் பல லட்சம் மடங்கு அடங்கிவிடுகிறது. அளவு சுருங்கச் சுருங்க, உள்ளே பிழைக்கு இருக்கும் இடமும் சுருங்கியே வந்திருக்கிறது.

இனி, கம்பெனி எது என்ற வினா. கடைக்காரர்கள் பல பெயர்களைச் சொன்னாலும், உலகில் இன்று சுழலும் தகடுள்ள ஹார்டு டிஸ்க் செய்வோர் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்டு டிஸ்க் தொழிலை 2011இல் சீகேட் வாங்கிக்கொண்டது. ஹிட்டாச்சியின் பிரிவை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. வேறு பெயர் ஒட்டிய வெளிப்புற ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தாலும் உள்ளே இந்த மூவரில் ஒருவருடைய தட்டுதான் இருக்கும்.

இந்த மூவரில் நம்பத்தகுந்தவர் யார்? ஒருவர் "சீகேட் பக்கமே போகாதீங்க" என்பார். இன்னொருவர் அதே உறுதியோடு வெஸ்டர்ன் டிஜிட்டலைப் பழிப்பார். இருவரும் தம் வீட்டில் கெட்டுப்போன ஒரேயொரு டிஸ்க்கை வைத்துத் தீர்ப்புக் கூறுகின்றனர். ஒரு சாட்சியை வைத்து வழக்கை முடிப்பது போன்றது இது. நமக்குத் தேவை ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைக் கண்ட சாட்சி. அத்தகைய சாட்சிகள் உண்டு. அமெரிக்காவில் பிறருடைய கோப்புகளைக் காத்துவைக்கும் பேக்பிளேஸ் என்னும் நிறுவனம், தான் பயன்படுத்தும் டிஸ்க்குகள் எத்தனை பழுதாயின என்ற கணக்கை மாடல் வாரியாகப் பல்லாண்டுகளாக வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் அவர்களின் மொத்தப் பழுது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அந்தப் பட்டியலில் நாம் கவனித்த ஒன்று: ஒரே கம்பெனியின் இரு மாடல்களுக்கு இடையே காணும் வேறுபாடு, கம்பெனிகளுக்கு இடையே காணும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் அங்கே மிக மோசமாகப் பழுதாகிப் பெயர் கெட்டது. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் ஆண்டுக் கணக்கில் நன்றாக ஓடுகின்றன. ஆகவே கம்பெனிப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் பயன் சிறிதே.

2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார் தம்மிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாடு உண்டு. கெட்டுப்போகுமுன் அது எச்சரிக்கும் என்று பலரும் நம்பியிருக்கிறோம். ஆனால் கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எந்த அறிகுறியும் காட்டாமலே கெட்டன என்று அக்கட்டுரை கூறியது. மூன்றில் ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. அதே ஆண்டில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் மற்றோர் ஆய்வில், டிஸ்க்குகள் மாற்றப்படும் விகிதம் தயாரிப்பாளர்கள் தாளில் அச்சிட்டிருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம் எனக் காட்டினர்.

அந்தத் தாளைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியில் "பத்து லட்சம் மணி நேரம்" என்று எழுதியிருப்பதைக் காட்டி, "114 வருஷம் ஓடும் பாய்" என்று நம்மிடம் சொன்ன கடைக்காரர் ஒருவர் உண்டு. கணக்கு சரியே, பொருள்தான் வேறு. 114 டிஸ்க்குகளை ஓராண்டு ஓட்டினால் அவற்றில் ஏறத்தாழ ஒன்று பழுதாகும் என்பதே அதன் கருத்து. அந்த ஒன்று நம் வீட்டுக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

வாரண்டியும் இப்படித்தான். 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகெங்கும் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த ஆண்டின் இறுதியில் இரு பெரும் கம்பெனிகளும் பல மாடல்களுக்கான வாரண்டிக் காலத்தைக் குறைத்தன. தன் பொருளின் மீது தயாரிப்பாளருக்கு எத்தனை ஆண்டு நம்பிக்கை என்பதை வாரண்டி ஓரளவு காட்டும்; இரண்டு ஆண்டைவிட ஐந்து ஆண்டு உள்ளதைத் தேர்வதில் நியாயம் உண்டு. ஆனால் வாரண்டியில் அவர்கள் திருப்பித் தருவது வெற்று டிஸ்க். நம் ஜமாஅத்தில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் புது டிஸ்க் கிடைத்தது. பழையதில் இருந்த மகளின் நிக்காஹ் வீடியோவும், அதில் கடைசியாகத் தோன்றிய பாட்டியாரின் முகமும் அதோடு போயின. மீட்டுத் தருவோரிடம் விசாரித்தபோது கணினியின் விலையைவிட அதிகத் தொகை கேட்டனராம்.

வணிகத்தில் பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பதை மதரஸாவின் சிறு பிள்ளையும் அறியும். 2020ஆம் ஆண்டில், வீடுகளிலும் அலுவலகங்களிலும் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவோருக்கென விற்ற 'ரெட்' வரிசையின் சில மாடல்களில், ஓட்டு வேய்வது போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து எழுதும் எஸ்எம்ஆர் முறையை வெஸ்டர்ன் டிஜிட்டல் சொல்லாமல் பயன்படுத்தியிருந்தது வெளியாயிற்று. அம்முறையில் அதிக அளவு எழுதும்போது வேகம் வெகுவாகக் குறையும். கண்டனம் எழுந்த பிறகு எந்த மாடலில் எம்முறை என்ற பட்டியலை வெளியிட்டனர். 2025இன் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வேறொன்று தெரியவந்தது. பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளை, ஓடிய நேரக் கணக்கை அழித்துவிட்டுப் புதியவை என்று சில விற்பனையாளர்கள் விற்றிருந்தனர். கணக்கை அப்படி அழித்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம்; ஆயினும் வாங்கிய அன்றே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். புதியதெனில் பூச்சியமோ அதையொட்டிய எண்ணோ இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பில்லோடு திரும்பிச் செல்லுங்கள். 1 டிபி என்று வாங்கியது கணினியில் 931 ஜிபி என்று தெரிவதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். அது எண்ணும் முறையின் வேறுபாடு, யாரும் திருடவில்லை.

மைத்துனர் மகன், "இப்போ யார் மாமா ஹார்டு டிஸ்க் வாங்குறாங்க, எஸ்எஸ்டி போடுங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி ஏற்கத்தக்கது. எஸ்எஸ்டியில் சுழலும் பகுதி இல்லை, தட்டினாலும் தாங்கும், கணினி விரைந்து எழும். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு என அஞ்சுவோர்க்கு ஒரு கணக்கு: 500 ஜிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 300 டிபி வரை எழுதலாம் எனக் கம்பெனிகள் குறிக்கின்றன. நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும் அது தீர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரமே காணாமல் ஆண்டுக் கணக்கில் அலமாரியில் கிடந்தால், அதுவும் நமதூர்ச் சித்திரை வெயிலில் கிடந்தால், அந்தப் பிடி தளரக்கூடும். அன்றாட வேலைக்கு எஸ்எஸ்டி, எடுத்துவைத்துக் காப்பதற்கு ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொண்டோம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று வருவதை மட்டும் யாரும் தொட வேண்டாம். இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் காட்டும் பொருள் அது. நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும்.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபோது ஒன்று புலனாயிற்று. நல்ல மாடலைத் தேடி எடுத்தாலும் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று கெடும். மூன்றில் ஒன்று எச்சரிக்காமல் கெடும். எந்த ஒற்றை டிஸ்க்கிலும் அத்தாவின் குரலை ஒப்படைக்க முடியாது.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதான பின், உமர் (ரலி) அவர்கள் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் வந்து எடுத்துரைத்த வரலாற்றை நம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். அல்லாஹ்வின் வேதத்தைக் காப்பவன் அல்லாஹ்வே. அதை வீட்டுக் கேசட்டோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அம்மனிதர்கள் மேற்கொண்ட வழிமுறையையே நினைத்துப் பார்த்தோம். நெஞ்சங்களில் இருந்தது, இருந்தும் எழுத்தில் திரட்டினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் தாமே ஹாஃபிழாக இருந்தும், தம் நினைவை மட்டும் நம்பாமல், எழுதி வைத்திருந்தவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தே சேர்த்தார்கள். திரட்டிய ஏடுகள் பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பாதுகாப்பாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அதிலிருந்து பிரதிகள் எடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. பிரதிகள் பல, வைக்கும் முறை ஒன்றுக்கு மேல், இருக்கும் ஊர்கள் வேறு, ஒவ்வொன்றும் ஒப்பிட்டுச் சரிபார்த்தது. இன்றைய கணினி வல்லுநர்கள் 3-2-1 என்று ஒரு விதி சொல்கின்றனர்: மூன்று பிரதிகள், இரு வகைப் பொருள்களில், ஒன்று வேறோர் இடத்தில். அதைப் படித்தபோது நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தைத் தமிழர் நன்கு அறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் ஓரிரவில் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இருந்த நூல்களைத் தேடி வாங்க முடிந்தது. இல்லாதவை இல்லாமலே போயின.

பிறகு கணக்குப் போட்டோம். ஒரு மணி நேர ஒலியைச் சுருக்காமல் சிடி தரத்தில் வைத்தால் ஏறத்தாழ 635 எம்பி ஆகும். 38 கேசட்டுகளுக்கு 24 ஜிபி. பத்திரங்களும் சான்றிதழ்களும் சேர்ந்தாலும் 1 ஜிபி ஆகாது. ஆக, இழந்தால் திரும்பப் பெற முடியாதவை ஒரு 32 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடுகின்றன! இடத்தை அடைப்பவை திருமண வீடியோக்களும், கைப்பேசியில் வந்து குவியும் படங்களும், மீண்டும் இணையத்தில் கிடைக்கக்கூடிய பாடங்களுமே. "2 டிபியா, 4 டிபியா?" என்று கடையில் நின்று குழம்புவோர் வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரே பெரிய டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் சிறியவை இரண்டு வாங்கலாம்.

நாம் செய்தது இது. கணினிக்குள் 500 ஜிபி எஸ்எஸ்டி. எடுத்துவைக்க 1 டிபி வெளிப்புற ஹார்டு டிஸ்க் இரண்டு; வேண்டுமென்றே இரு வேறு கம்பெனிகள், இரு வேறு கடைகள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த இரண்டு ஒரே குறையோடு ஒரே காலத்தில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒன்று நம் வீட்டு அலமாரியில். மற்றொன்று ஈரோட்டில் அக்கா வீட்டில். ஈரோட்டுக்குப் போகும்போது புதுப்பித்துத் திரும்புகிறோம். எப்போதும் கணினியில் செருகியே வைப்பதில்லை. மின்னழுத்தம் ஏறினாலும், கணினியில் வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலும், செருகியிருப்பதும் சேர்ந்தே போகும். வீட்டுக்குள் ஒரு யூபிஎஸ் வைத்தோம். விசைத்தறி ஓடும் தெருவில் இருப்போர் கணினிப் பெட்டியின் மின்விசிறியில் படியும் பஞ்சுத் தூசை மாதம் ஒருமுறை துடைப்பதும் நல்லது.

எடுத்துவைத்தால் மட்டும் போதாது. திறந்து பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஷஅபான் மாதத்தில், ரமளானுக்கு முன், இரு டிஸ்க்குகளையும் செருகி, ஏதேனும் ஐந்தாறு பதிவுகளை முழுவதும் ஓடவிட்டுக் கேட்பதென்று வைத்திருக்கிறோம். கேட்கும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வசனத்தில் அத்தா மூச்சு வாங்கும் இடம்கூட அவர்களுக்குத் தெரியும். விடுபட்டால் எந்த மென்பொருளையும்விட முன்னதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். கேசட்டுகளை எறியவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அதே மரப்பெட்டியில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் குடும்பங்கள் இதில் கவனக்குறைவாக இருக்கக் காண்கிறோம். புதுக் கணினி வந்ததும் பழையதைக் கடைக்கே விற்கிறோம், அல்லது பழைய இரும்புக்காரரிடம் போடுகிறோம். அதிலுள்ள டிஸ்க்கில் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும். வீட்டுக்குள் மட்டும் பார்க்க எடுத்தவை. 'டெலிட்' அழுத்தினால் கணினி அழிப்பது கோப்பின் முகவரியை மட்டுமே; படம் தட்டில் அப்படியே இருக்கும், இலவச மென்பொருளே அதை மீட்டுத் தரும். குயிக் பார்மட்டும் அவ்வாறே. விண்டோஸில் 'குயிக்' என்ற குறியை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்தால், தட்டு முழுவதும் பூச்சியம் எழுதப்பட்டுப் பழையது மறையும். இது சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டிக்கு அதன் கம்பெனி தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். ஓடாமலே போய்விட்ட டிஸ்க்கை விற்காதீர்கள். திருகைக் கழற்றித் தகட்டை உடைத்துவிடுங்கள். வெளியூரில் வைக்கும் பிரதிக்கும் கடவுச்சொல் இட்டுப் பூட்டலாம். அந்தச் சொல்லை வீட்டில் இருவராவது அறிந்திருக்க வேண்டும். ஒருவரோடு அது கப்றுக்குப் போய்விட்டால் மூன்று பிரதிகளும் இருந்தும் இல்லாதவையே.

நம் பழைய கணினியின் 500 ஜிபி டிஸ்க் இன்னும் அழிக்கப்படாமல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேர வேலை. இன்ஷா அல்லாஹ், இந்த வெள்ளிக்கிழமை மதரஸா விடுமுறையில் அதை முடித்துவிட்டுத்தான் கடைக்காரரிடம் விலை பேச வேண்டும்.